சார்ஜருக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்

(எமது சங்கத்தின் தோட்டக் குடும்பங்கள் மன்னாருக்கு வந்திருந்தபோது, அங்கு மின்சாதனம் திருத்தும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். காலையில் தலைமன்னார் இறங்குதுறையைப் பார்த்துவிட்டு வந்த களைப்பும் இருக்கும். 1914ஆம் ஆண்டிலிருந்து 1964 புயல் வரை தனுஷ்கோடிக் கப்பல் வந்து நின்ற இடம் அது. அதற்கு முந்திய காலத்தில் உங்கள் பாட்டன் பூட்டன்மார் இந்தக் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்தார்கள். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ரேடியோ, டோர்ச், போன் திருத்துகிறவன். பெட்டரியைப் பற்றியும் சார்ஜரைப் பற்றியும் பேசச் சொல்லிக் கேட்டார்கள், வந்திருக்கிறேன்.

தொழிற்சங்கக் கூட்டத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. கூரை ஒன்று, சுவர் பொது. பத்துக் குடும்பம் இருந்தால் பத்துக் குடும்பத்தின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், கல்யாணத்துக்குச் சேர்த்த நகை எல்லாம் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் சார்ஜர் ஒன்றை ராத்திரி முழுக்க பிளக்கில் குத்தி வைப்பது பக்கத்துக் காம்பராக்காரருக்கும் சேர்ந்த விஷயம். அதனால்தான் சங்கம் இதைப் பேசச் சொன்னது என்று நினைக்கிறேன்.

மன்னார்க்காரர்களுக்கு பெட்டரியின் அருமை நன்றாகத் தெரியும். 1990க்குப் பிறகு இந்தத் தீவு இராணுவத்தின் கையில் இருந்தது. கடலைத் தாண்டிய பெருநிலத்தில் புலிகளின் கட்டுப்பாடு. அந்தப் பக்கத்துக்கு என்னென்ன சாமான் போகக்கூடாது என்று அரசாங்கம் ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தது. டோர்ச்சுக்குப் போடும் சாதாரண செல் அதில் ஒன்று. 2002 யுத்தநிறுத்தம் வந்த பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. அத்தனை வருடமும் சனங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட் சாமான். ஒருவர் சுற்ற ஊரே செய்தி கேட்கும். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. தோட்டத்திலும் இருக்கும். இறங்கிப்போன செல்லை எடுத்து வெயிலில் வைப்பது. பழைய சாதாரண செல்லுக்கு அது கொஞ்சம் வேலை செய்யும். சூடு ஏறும்போது உள்ளேயிருக்கும் இரசாயனம் சற்று உசாராகி மிச்சமிருப்பதைக் கக்கிவிடும், அவ்வளவுதான். இன்றைக்கு வருகிற ரீசார்ஜ் பெட்டரிக்கு அதே வேலையைச் செய்தால் அதன் ஆயுளைக் குறைக்கிறீர்கள். போன் பெட்டரியாக இருந்தால் ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறீர்கள். ரீசார்ஜ் பெட்டரி எதுவானாலும் அதற்குப் பெரிய எதிரி சூடு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் நான் இனிச் சொல்லப்போகிற பாதி விஷயம் தானாக விளங்கும்.

வீட்டில் மூன்று சாதி பெட்டரி இருக்கிறது. பென்டோர்ச் அளவில் வருகிற, கழற்றிச் சார்ஜரில் போடுகிற செல்: அதற்குள் இருப்பது நிக்கல். போனிலும் பவர் பேங்க்கிலும் நெற்றியில் கட்டுகிற லைட்டிலும் இருப்பது லித்தியம். கரண்ட் போனால் தானாக எரிகிற எமர்ஜன்சி லாம்பிலும் பெரிய கைப்பிடி டோர்ச்சிலும் பல நேரம் இருப்பது ஈயம். தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். பெட்டரியின் மேல் ஆங்கிலத்தில் ‘நி-எம்எச்’, ‘லி-அயன்’, ‘பிபி’ என்று அச்சடித்திருப்பார்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சாமானையும் எடுத்து வைத்து எது எது என்று வாசிக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் ஒன்றுக்குச் சரியான கவனிப்பு இன்னொன்றுக்குக் கேடு.

முதலில் பென்டோர்ச் செல். சாதாரண செல் 1.5 வோல்ட். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சாதாரண செல் எரிய எரிய 1.5இலிருந்து இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் செல் 1.2 பக்கத்திலேயே நின்று கடைசியில்தான் விழும். டோர்ச், ரேடியோ, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கடலுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் கைக்கருவி எல்லாம் இதில் நன்றாக வேலை செய்யும். சுவர்க் கடிகாரத்துக்கும் டீவி ரிமோட்டுக்கும் இது தேவையில்லை. அவை குடிப்பது சொட்டுக் கணக்கு, ஒரு சாதாரண செல் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்.

இந்தச் செல்லை வாங்கும்போது சனங்கள் பார்ப்பது அதில் எழுதியிருக்கும் இலக்கத்தை. மில்லி அம்பியர் மணி என்று ஒரு கணக்கு, 2000, 2500 என்று போட்டிருக்கும். கூடினால் நல்லது என்று நினைக்கிறார்கள். பென்டோர்ச் அளவு நிக்கல் செல்லில் 2800க்கு மேல் உண்மையாக அடைப்பது கஷ்டம். 4000, 5000 என்று போட்டிருந்தால் அது இலக்கம் மட்டும்தான். கையில் எடுத்துப் பாருங்கள். உண்மையான 2000 செல் 26, 27 கிராம் கனக்கும். பொய்ச் செல் வெறும் டப்பா போல இருக்கும். என்னைக் கேட்டால் 2700ஐவிட 2000 செல்லைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரே அளவு டப்பாவுக்குள் கூடுதலாகத் திணித்த செல் சீக்கிரம் களைத்துப்போகும்.

இலக்கத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. பழைய மாதிரி நிக்கல் செல்லைச் சார்ஜ் பண்ணி மேசை இலாச்சியில் வைத்தால் ஒரு மாதத்தில் கால்வாசி தானாகவே போய்விடும். இந்த மன்னார்ச் சூட்டில் அதைவிடக் கூடப் போகும். அவசரத்துக்கு எடுக்கும்போது டோர்ச் எரியாது. 2005இல் ஜப்பானின் சன்யோ கம்பெனி ‘எனெலூப்’ என்று ஒரு செல் கொண்டுவந்தது. வருடம் முழுக்க வைத்திருந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இப்போது பல கம்பெனிகள் அதே மாதிரிச் செய்கின்றன. பெட்டியில் ‘ரெடி டு யூஸ்’, ‘ப்ரீ சார்ஜ்ட்’ என்று எழுதியிருக்கும். மழைக்காலத்துக்கென்று டோர்ச்சை எடுத்து வைக்கிற வீட்டுக்கு இந்த வகைதான் வேண்டும்.

இனிச் சார்ஜர். செல்லுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, சார்ஜருக்கு ‘இருக்கிறதில் மலிவானதைக் கொடுங்கள்’ என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். என் மேசைக்கு வருகிற செத்த செல்களில் பெரும்பாலானவை வயதாகிச் சாகவில்லை. சார்ஜர் கொன்றவை.

சார்ஜரின் வேலை கரண்ட் கொடுப்பது மட்டுமல்ல. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அதன் முக்கிய வேலை. பீப்பாயில் தண்ணீர் நிறைந்தால் வழிவதைக் கண்ணால் பார்க்கலாம். செல் நிறைந்தால் வழியாது. மேற்கொண்டு வருகிற கரண்ட் முழுக்கச் சூடாக மாறும். அந்தச் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைக் காய வைத்துவிடும். அடுத்த முறை செல் பாதி நேரம்தான் எரியும். சனங்கள் செல் பொய் என்பார்கள்.

கடையில் மூன்று விதமான சார்ஜர் கிடைக்கும். மலிவானதற்கு நிறுத்தவே தெரியாது. நீங்களாகக் கழற்ற வேண்டும். அதன் முதுகில் 200 மில்லி அம்பியர் என்று போட்டிருக்கிறது, உங்கள் செல் 2000 என்று வைத்துக்கொள்வோம். 2000ஐ 200ஆல் வகுத்தால் 10. வீணாகிற பங்குக்காக அதை 1.4ஆல் பெருக்குங்கள், 14 மணித்தியாலம். மாலை 6 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்குக் கழற்ற வேண்டும். காலை 8 மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். திரும்பி வரும்வரை செல் வெந்துகொண்டிருக்கும். அதுவும் முழுக்க இறங்கிய செல்லுக்குத்தான் 14 மணி. பாதி மிச்சமிருந்த செல்லை அத்தனை நேரம் வைத்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது வகையில் நேரக் கணக்கு இருக்கும். இத்தனை மணி ஆனதும் தானாக நிற்கும். ஐரோப்பாவில் அது பரவாயில்லை. எங்கள் நாட்டில் கரண்ட் போய்ப் போய் வரும். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இந்தச் சார்ஜர்களில் பலவற்றின் கணக்கு பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஆறு மணி நேரம் ஏறிய செல்லுக்கு மறுபடி முழு நேரம் கொடுக்கும். இரவில் இரண்டு தரம் கரண்ட் போனால் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை செல்லைக் கேட்டுப் பார்த்து நிறுத்தும். நிக்கல் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் ஏற ஏற வோல்ட் ஏறும், நிறைந்தவுடன் ஏறுவது நின்று, மிகக் கொஞ்சம், ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு, கீழே இறங்கும். இந்தச் சார்ஜருக்குள் இருக்கும் சின்ன மூளை அந்த இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். கரண்ட் போய் வந்தாலும் பிரச்சினை இல்லை. நிறைந்த செல் என்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கண்டுபிடிக்கும். சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: இந்த வகைச் சார்ஜர் மெதுவாக ஏற்றுவதைவிட நடுத்தர வேகத்தில் ஏற்றுவது நல்லது. 2000 செல்லுக்கு 500இலிருந்து 1000 மில்லி அம்பியர் வரை. மிக மெதுவாகப் போனால் அந்த இறக்கம் தெரியாமலே போய்விடும், சார்ஜர் ஏமாந்துவிடும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சார்ஜரில் நாலு செல் போடுகிற இடம் இருந்தால் நாலு லைட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செல்லை மட்டும் தனியாகப் போட்டுச் சார்ஜ் பண்ண முடியுமா என்று கேளுங்கள். இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும், ஜோடிக்கு ஒரு லைட் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஜோடியில் ஒன்று முதலில் நிறைந்தால் மற்றது நிறையும்வரை அது சும்மா அடி வாங்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சோதனை செய்யுங்கள். செல் முழுக்க நிறைந்து பச்சை லைட் வந்ததும் எடுத்து, சற்று ஆறவிட்டு, அதே செல்லைத் திரும்பப் போடுங்கள். பத்து இருபது நிமிடத்தில் ‘நிறைந்துவிட்டது’ என்று சொன்னால் அது மூளையுள்ள சார்ஜர். மணிக்கணக்கில் சிவப்பு லைட்டே எரிந்தால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். அதனால் பில்லை வாங்கி வைத்திருங்கள். பில் தராத கடையில் சார்ஜர் வாங்குவதில்லை என்று உங்கள் தோட்டத்தில் நாலு குடும்பம் முடிவெடுத்தாலே கடைக்காரர் மாறுவார்.

விலை கூடத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரீசார்ஜ் செல் ஒன்று சாதாரண செல்லைப் போல ஐந்து மடங்கு விலை என்றால் ஆறாவது தரம் சார்ஜ் பண்ணும்போதே காசு திரும்பிவிட்டது. நல்ல சார்ஜரில் சில நூறு தரம் தாராளமாக ஏற்றலாம். மின்சாரச் செலவு ஒன்றுமேயில்லை. ஒரு யூனிட் கரண்டில் 150 செல்லுக்கு மேல் ஏற்றலாம். சார்ஜரை ஒரு குடும்பம் தனியாக வாங்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு நல்ல சார்ஜர் வாங்கி, செல்லில் கலர் டேப் ஒட்டி வைத்துக்கொண்டால் யாருடையது என்று சண்டை வராது. டேப் ஒட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு டோர்ச்சில் போகிற செல்கள் எப்போதும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். புதியதையும் பழையதையும் கலந்து போட்டால் பலவீனமானது முதலில் இறங்கிவிடும். பலமுள்ளது அதற்குள் கரண்டைத் தலைகீழாகத் தள்ளும். அந்தச் செல் அத்தோடு போய்விட்டது. டோர்ச் வெளிச்சம் மங்கியதும் அணைத்துவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம்.

முழுக்க இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் பண்ண வேண்டும் என்று ஒரு பழைய பேச்சு இருக்கிறது. அது நிக்கல் காட்மியம் என்ற பழைய செல்லின் காலத்துப் பேச்சு. இப்போதைய நிக்கல் செல்லுக்கு அது தேவையில்லை, போனுக்கு அது கெடுதல்.

போன் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

போனுக்குக் குத்துகிற கட்டையை நாங்கள் சார்ஜர் என்று சொல்கிறோம். உண்மையில் எப்போது நிறுத்துவது என்று பார்க்கிற சார்ஜர் போனுக்குள் இருக்கிறது. வெளியே இருக்கும் கட்டை, 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிற சாமான். அப்படியென்றால் மலிவுக் கட்டை போதுமே என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. அந்தக் கட்டைக்குள் 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் சில மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. நல்ல கம்பெனி அந்த இடைவெளியைச் சரியாக விட்டு, நல்ல காப்பும் போடும். பொய்ச் சார்ஜரில் அது இருக்காது. காப்பு உடைந்தால் உங்கள் கையில் இருக்கும் போன் வயரில் 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று போன் பேசுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சார்ஜில் இருக்கும் போனில் பேச வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதுதான், கதிர்வீச்சு எல்லாம் இல்லை.

பிளக்கில் நேராகக் குத்துகிற, மடிக்கிற கம்பி வைத்த மலிவு டோர்ச்சிலும் இதே கதை. அதற்குள் கரண்டைப் பிரிக்கிற ட்ரான்ஸ்போமர் இருப்பதில்லை. குத்தியிருக்கும்போது அதன் உள்பாகம் முழுவதும் லைன் கரண்டோடு தொட்டுக்கொண்டிருக்கிறது. உடைந்த கண்ணாடியோடு, கழன்ற மூடியோடு அதைப் பிளக்கில் போடவே கூடாது. பிளக்கில் இருக்கும்போது டோர்ச்சைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. என்னிடம் கேட்டால் அந்த வகை டோர்ச்சை வாங்காதீர்கள். யூஎஸ்பி வயரில் ஏறுகிற டோர்ச் கொஞ்சம் விலை கூடினாலும் அது மேல்.

லித்தியம் பெட்டரிக்கு நிறைய நிறைந்திருப்பதும் பிடிக்காது, முழுக்க வற்றுவதும் பிடிக்காது. 20க்கும் 80க்கும் நடுவில் வைத்திருந்தால் பல வருடம் உழைக்கும். பாவிக்காமல் எடுத்து வைக்கிற பவர் பேங்க்கைப் பாதி நிலையில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். ஆனால் இந்த விதியை மழைக்காலத்தில் தூக்கி எறியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்து, கரண்டும் இல்லை, போனும் இல்லை. எங்கள் மன்னாரிலும் வெள்ளம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டது என்று கேள்விப்பட்டால், போன், பவர் பேங்க், டோர்ச், எல்லாவற்றையும் 100 வரை ஏற்றி வாசல் பக்கம் ஒரு பையில் வையுங்கள். பெட்டரியின் ஆயுளில் நாலு நாள் குறைந்தால் குறையட்டும்.

நெற்றி லைட்டில் போடுகிற, விரல் தடிப்புள்ள லித்தியம் செல்லை எங்கள் மீனவர்கள் நிறையப் பாவிக்கிறார்கள். 18650 என்று அதற்குப் பெயர். 9900 என்று அச்சடித்துச் சந்தையில் விற்கிறார்கள். நல்ல கம்பெனிகளே அந்த அளவில் பெரும்பாலும் 3500 வரைதான் செய்கின்றன. இந்தச் செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றுகிற சார்ஜர் நெருப்புப் பெட்டிக்குச் சமம். நிக்கல் செல் சார்ஜரில் இதைப் போடவே கூடாது. கடல்தண்ணீர் உள்ளே போன பவர் பேங்க்கையோ லித்தியம் லைட்டையோ காய வைத்து மறுபடி சார்ஜ் பண்ணாதீர்கள். உப்பு உள்ளே இருந்து மெல்ல மெல்ல வேலை செய்து இரண்டு நாள் கழித்தும் பற்றும். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய ஒன்றும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். வெள்ளத்தில் கிடந்த சாமானுக்கும் இதே விதிதான். முதுகு வீங்கிய போன் பெட்டரியையும் அப்படித்தான் நடத்த வேண்டும். குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஈயப் பெட்டரிக்கு எல்லாம் தலைகீழ். அதை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும். கரண்ட் கட்டில் எமர்ஜன்சி லாம்ப் எரிந்து முடிந்ததும், கரண்ட் வந்தவுடனேயே பிளக்கில் போடுங்கள். இறங்கின நிலையில் அலுமாரிக்கு மேல் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் படிகம் பிடித்து இறுகிவிடும், பிறகு எத்தனை மணி போட்டாலும் ஏறாது. பாவிக்காவிட்டாலும் மாதம் ஒரு தரம் ஏற்றுங்கள். இந்தப் பெட்டரிக்குச் சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வருடத்தில் சாகிற லாம்ப் நானுஓயாக் குளிரில் மூன்று வருடமும் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

உங்களுக்குப் பனியும் ஈரமும், எங்களுக்கு உப்புக்காற்று. இரண்டும் செல் தொடுகிற தகட்டில் பச்சை பிடிக்க வைக்கும். பச்சை பிடித்த சார்ஜர் செல்லின் வோல்ட்டைத் தப்பாக அளந்து தப்பான நேரத்தில் நிறுத்தும், தொடுகிற இடமும் சுடும். மாதம் ஒரு தரம் பிளக்கைக் கழற்றிவிட்டு, பள்ளிப்பிள்ளையின் அழிறப்பரால் தகட்டைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். சாதாரண செல் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரம் இல்லாமல் காய வையுங்கள். அந்த வெள்ளையைக் கையால் தொட வேண்டாம்.

எங்கே வைத்துச் சார்ஜ் பண்ணுவது? லயக் காம்பராவில் இடம் இல்லை என்று தெரியும். இருக்கிற ஒரு பிளக் பொயின்ட் கட்டில் தலைமாட்டில் இருக்கும், அதில் ஒரு மல்டி பிளக், அதில் இன்னொரு மல்டி பிளக். அப்படியிருந்தும் சொல்கிறேன்: மெத்தையில், தலையணைக்குக் கீழே, துணிக் குவியலில், விறகு அடுக்கிய மூலையில், அடுப்பு மேடையில் வைக்க வேண்டாம். சீமெந்துத் தரையில் அல்லது ஒரு பீங்கான் தட்டில் வையுங்கள். வெளியேறுகிற வாசலை மறித்து வைக்காதீர்கள், பற்றினால் அதைத் தாண்டித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆள் விழித்திருக்கும் நேரத்தில், மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் சார்ஜ் பண்ணி, படுக்கும்போது கழற்றுங்கள். நான் சொன்ன மூன்றாவது வகைச் சார்ஜர் 1000 மில்லி அம்பியர் பக்கம் கொடுப்பதாக இருந்தால் ஒரு ஜோடி செல் அந்த நேரத்துக்குள் நிறைந்துவிடும்.

ஒரு அக்கா கையைத் தூக்குகிறா. “ட்ரிப் ஸ்விட்ச் இருந்தால் போதாதா தம்பி?” நல்ல கேள்வி அக்கா. ட்ரிப் ஸ்விட்ச் ஆளுக்கு ஷொக் அடிக்கும்போது காப்பாற்றும். கரண்ட் வெளியே ஒழுகினால் விழும். பெட்டரி உள்ளுக்குள்ளேயே சூடாகி எரிந்தால் ட்ரிப் ஸ்விட்சுக்கு அது தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும். ஆனால் ட்ரிப் ஸ்விட்சே இல்லாத காம்பராக்கள், ஒரு மீட்டரிலிருந்து நாலு வீட்டுக்கு இழுத்த வயர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அதைத் தொழிலாளி தன் காசில் திருத்த முடியாது. வீட்டுக்கு வீடு தனி இணைப்பும் ட்ரிப் ஸ்விட்சும் வீட்டுக் கோரிக்கையோடு சேர்ந்த கோரிக்கையாக இருக்க வேண்டும். நீங்கள் தோட்ட நிர்வாகத்தோடு பேசப் போகும்போது, பழுதான வயரைப் போட்டோ எடுத்து, காம்பரா இலக்கத்தோடு எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

பற்றிவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் தம்பி கேட்கிறார். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர். சின்ன லித்தியம் பெட்டரியைத் தண்ணீர் குளிர வைக்கும், கொஞ்சமாக ஊற்றிவிட்டு நிறுத்தக்கூடாது, மறுபடி பற்றும். கிட்டப் போக முடியாத புகை என்றால் விட்டுவிட்டு வெளியே வந்து லயம் முழுவதையும் கூப்பிடுங்கள். அந்தப் புகை நஞ்சு.

செத்த பெட்டரியை அடுப்பில் போடாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், ஓடையில் எறியாதீர்கள், அந்த ஓடைத் தண்ணீரைக் கீழ்டிவிசனில் யாரோ குடிக்கிறார்கள். லித்தியம் செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, இலத்திரனியல் கழிவு சேர்க்கிறவர்கள் வரும்போது கொடுங்கள். ஈயப் பெட்டரியைப் பழைய பெட்டரி வாங்குகிற கடைக்காரர் காசு கொடுத்தே எடுப்பார்.

வரும் வழியில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தம்பபவனி என்று பெயர், 30 காற்றாடி, 100 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கரண்ட் தேசிய லைனுக்குப் போகிறது. லைன் விழுந்தால் காற்றாடிக்கு அடியில் இருக்கிற வீட்டிலும் இருட்டுத்தான், எங்களுக்கும் பெட்டரிதான் துணை. பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டார்கள், அதனால் சொன்னேன்.

வீட்டிலிருந்து செல்லும் டோர்ச்சும் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள், மீட்டர் இருக்கிறது. சார்ஜ் பண்ணி ஒரு நாள் வைத்த நிக்கல் செல் 1.3 பக்கம் காட்டினால் நல்லது. 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் இங்கேயே இந்தச் சார்ஜரில் போட்டுப் பார்ப்போம், ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்த டப்பாவில் போட்டுவிடலாம். சார்ஜர் கொண்டுவந்தவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து வாசிப்போம். பஸ் இரண்டு மணிக்குத்தான் என்று தலைவர் சொல்கிறார், அவசரம் வேண்டாம்.